எழுத்துப்பிழையும் திருத்தும் உரிமையும்: திறந்த மூல மென்பொருள் ஆவணங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

நூல்களின் வரலாற்றை எழுதுவோர் ஆசிரியரைப் பற்றியும் பதிப்பாளரைப் பற்றியும் விரிவாகப் பேசுவர். அச்சகத்தின் ஒரு மூலையிலிருந்து அச்சுப்படியை மூலத்தோடு ஒப்புநோக்கியவரைப் பற்றிப் பேசுவது அரிது. நூலின் இறுதியிற் சேர்க்கப்பெறும் பிழைதிருத்தப் பட்டியலும் பெரும்பாலான வாசகராற் புரட்டப்படாமலே போய்விடுகின்றது. ஆயினும், ஒரு நூலிலுள்ள பிழையைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது, திருத்தம் எவ்வழியாக வாசகரைச் சென்றடைந்தது, திருத்தியவரின் பெயர் எங்கேனும் பதிவாயிற்றா என்னும் வினாக்கள் அந்நூல் தோன்றிய சமூகத்தின் அறிவுற்பத்தி முறையைத் தெளிவாகக் காட்டவல்லவை.

இவ்வினாக்களை நாம் இங்கு ஒரு புதிய துறையின்மீது எழுப்ப விரும்புகின்றோம். மென்பொருளின் மூலநிரலை எவரும் வாசிக்கவும், மாற்றவும், மாற்றியதை மீளப் பரப்பவும் இடமளிக்கும் இயக்கம் 1983 இல் 'கட்டற்ற மென்பொருள்' என்ற கருத்துடன் தோன்றி, 1998 முதல் 'திறந்த மூலம்' என்ற பெயராலும் வழங்கி வருகின்றது. இவ்வகை மென்பொருள்களுடன் கையேடுகள், விளக்கக் குறிப்புகள், நிறுவும் முறைகள் முதலிய ஆவணங்களும் பெருந்தொகையாக உருவாகியுள்ளன. அவற்றில் எழுத்துப்பிழைகள் உண்டு. அவற்றைத் திருத்துவோரும் உளர். இத்திருத்தங்களை அற்பப் பணி என்று ஒதுக்குவோர் ஒருபுறமும், கூட்டுழைப்பின் சிறப்பு என்று போற்றுவோர் மறுபுறமும் நிற்கின்றனர். இரு சாராரும் இப்பணியின் வரலாற்றைக் கருத்திற் கொண்டதாகத் தெரியவில்லை. அவ்வரலாற்றை அறியாமல் அதன் பெறுமதியைத் துணிதல் இயலாது என்பது எமது எண்ணம்.

2

கணினித் துறையில் எழுத்துப்பிழை பற்றிய அக்கறை, எழுத்துவேலை நடைபெற்ற இடங்களிலேயே முளைத்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969 இல் உருவாகத் தொடங்கிய யுனிக்ஸ் இயங்குதளத்தின் கதை இதற்குத் தக்க சான்றாகும். அதனை உருவாக்கியோருக்குப் புதிய கணினி ஒன்று தேவைப்பட்டது. இயங்குதள ஆராய்ச்சிக்கென்று பணம் பெறுதல் அப்போது எளிதாக இருக்கவில்லை. எனவே, ஆவணங்களைத் தயாரிக்கும் முறைமையொன்றை ஆக்கித் தருவதாக அவர்கள் முன்மொழிந்தனர். அவ்வாறு கிடைத்த பீ.டி.பீ.-11 இயந்திரத்தை 1971 இல் முதன்முதல் நாளாந்தத் தேவைக்குப் பயன்படுத்தியோர் அந்நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவிலிருந்த தட்டெழுத்தாளர்களே. யுனிக்ஸ் வரலாறுகளிற் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் உரிய இடம் பெறுகின்றனர். தம் அன்றாட உழைப்பினால் அம்முறைமைக்கு நிறுவனத்தில் நிலையான இடம் தேடிக்கொடுத்த தட்டெழுத்தாளர்கள் 'பயனாளர்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர்.

அதே ஆண்டு நவம்பரில் யுனிக்ஸ் கையேட்டின் முதற் பதிப்பு வெளிவந்தது. கட்டளைகளின் விளக்கத்தோடு, அவற்றின் குறைபாடுகளையும் ஒரு தனித்தலைப்பின் கீழ்க் கூறும் மரபு அக்கையேட்டில் நிலைபெற்றது. ஒரு பொருளை ஆக்கியோர் அதன் குறைகளைத் தாமே பொதுப்படக் கூறுதல் வணிக உலகில் வழக்கமன்று. திருத்தத்தை எதிர்பார்த்து எழுதும் மனப்பாங்கு இங்கே வித்திடப்பட்டது எனலாம்.

பிழை தேடும் நிரல்கள் விரைவிற் பின்தொடர்ந்தன. ரொபேட் மொறிஸ், லொறின்டா செரி ஆகிய இருவரும் ஆக்கிய நிரலொன்று சொற்பட்டியலை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஆவணத்தில் எழுத்துகள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் எவ்வாறு சேர்ந்து வருகின்றன என்று கணக்கிட்டு, அவ்வழக்கத்துக்கு மாறான சேர்க்கை கொண்ட சொற்களை அது முன்னே நிறுத்திற்று. 1975 இல் ஸ்ரீவ் ஜோன்சன் வேறொரு வழியை மேற்கொண்டார். ஆவணத்தின் சொற்களையெல்லாம் அகரவரிசைப்படுத்தி, மீள்வனவற்றை நீக்கி, அகராதிப் பட்டியலொன்றுடன் ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாதவற்றை அவர் நிரல் வெளியிட்டது. அதனை டக்ளஸ் மக்கில்றோய் பின்னர் செம்மைப்படுத்தினார். அன்றைய இயந்திரத்தில் ஒரு நிரலுக்குக் கிடைத்த நினைவகம் 64 கிலோபைற்று மட்டுமே. சுமார் 30,000 சொற்களை அதனுள் அடக்குவதற்காக முன்னொட்டு பின்னொட்டுகளைக் களைந்தும், எஞ்சிய சொற்களைச் சுருங்கிய எண்களாக மாற்றியும் அவர் செய்த வேலை இன்றும் கணினியியல் மாணவராற் கற்கப்படுகின்றது.

இங்கு நோக்கற்பாலது ஒன்றுண்டு. இந்நிரல்கள் எவையும் பிழையைத் திருத்தவில்லை. ஐயத்துக்குரிய சொல்லைச் சுட்டி நின்றன. அது பிழைதானா என்று துணிவதும் திருத்துவதும் மனிதருக்கே விடப்பட்டன. பட்டியலில் இல்லாத சொல்லெல்லாம் பிழையன்று, பட்டியலில் உள்ள சொல்லெல்லாம் அவ்விடத்துக்குப் பொருந்துவதுமன்று என்பதை அதனை ஆக்கியோர் நன்கறிந்திருந்தனர்.

3

எழுத்துப்பிழை அற்பமானது என்ற கருத்தை மறுப்பதற்கு, உரிய காலத்தில் திருத்தப்படாமையால் நிலைபெற்றுவிட்ட பிழைகளே போதியன.

யுனிக்ஸில் ஒரு கோப்பைப் புதிதாக ஆக்கும் அழைப்பின் பெயர் 'கிரியேற்' என்ற ஆங்கிலச் சொல்லாகும். ஆனால், அதன் ஈற்றில் வரவேண்டிய 'ஈ' எழுத்து அங்கில்லை. யுனிக்ஸை மறுபடி ஆக்க நேர்ந்தால் எதனை மாற்றுவீர் என்று வினவியபோது, அவ்வெழுத்தைச் சேர்ப்பேன் என்று தொம்சன் வேடிக்கையாக விடையளித்தார். அது வேடிக்கையாயினும் ஓர் உண்மையைச் சுட்டுகின்றது. எண்ணற்ற நிரல்கள் அப்பெயரை அவ்வடிவிலேயே அழைத்துப் பழகியபின், ஆக்கியவரும் அதனை மாற்றமுடியாதவராகிவிடுகின்றார்.

இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இணையத்திற் கிடைக்கின்றது. வாசகர் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்போது, எங்கிருந்து வந்தார் என்பதைத் தெரிவிக்கும் தலைப்புவரி ஒன்று அனுப்பப்படுகின்றது. 'சுட்டியனுப்பியவர்' என்று பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரின் நடுவே 'ஆர்' எழுத்து இரட்டித்து வரவேண்டும். முன்மொழிவில் அது ஒற்றையாக எழுதப்பட்டது. அன்றைய யுனிக்ஸ் எழுத்துச் சோதனை நிரல் சரியான வடிவையும் பிழையான வடிவையும் ஒருங்கே அறியாதிருந்தமையை, அந்நெறிமுறையை வகுத்தோருள் ஒருவரான றோய் பீல்டிங் எடுத்துக்காட்டினார். 1996 மே மாதத்தில் வெளியான நெறிமுறை ஆவணம் பிழையான வடிவையே பதிவு செய்தது. 1999, 2014, 2022 ஆகிய ஆண்டுகளின் திருத்திய ஆவணங்களும் அதனை மாற்றவில்லை. பின்னர் அதே பொருள் தொடர்பாக வகுக்கப்பட்ட மற்றொரு தலைப்புவரி சரியான எழுத்துடன் அமைந்தது. இதனால் இன்று நிரல் எழுதுவோர் ஒரே சொல்லின் இரு வடிவங்களையும் நினைவில் வைத்திருக்க வேண்டியவராகின்றனர்.

யுனிக்கோட் எழுத்துத் தரத்திலும் இந்நிலை உண்டு. ஓர் எழுத்துக்கு ஒருமுறை வழங்கிய பெயரை எக்காரணம் கொண்டும் மாற்றுவதில்லை என்பது அதன் உறுதிமொழி. 2005 இற் சேர்க்கப்பட்ட அடைப்புக்குறி ஒன்றின் பெயரில் 'பிராக்கெற்' என்னும் ஆங்கிலச் சொல்லின் இரண்டெழுத்துகள் இடம்மாறி அச்சாயின. அப்பெயர் அவ்வாறே இருக்க, சரியான வடிவம் மாற்றுப்பெயராக அருகிற் சேர்க்கப்பட்டுள்ளது. தமிழருக்கு இதில் நேரடித் தொடர்பும் உண்டு. எமது ஆய்த எழுத்து அத்தரத்தில் 'விசர்க்கம்' என்ற பெயருடனேயே இடம்பெற்றுள்ளது; ஆய்தம் என்பது பக்கக்குறிப்பாக நிற்கின்றது. இந்திய எழுத்துமுறைகளை ஒரே அச்சில் வார்த்த முன்னைய தரமொன்றின் எச்சம் இது. எழுத்துப்பிழையும் இலக்கணப் பிழையும் ஒரே விதியின்கீழ் நிலைபெறுவதை இங்கே காண்கின்றோம்.

மேற்கூறிய நெறிமுறை ஆவணங்கள் 1969 ஏப்பிரல் முதல் 'கருத்துரை வேண்டும் குறிப்புகள்' என்ற பெயரில் வெளிவரும் வரிசையைச் சேர்ந்தவை. வெளியான ஆவணம் பின்னர் தொடப்படுவதில்லை. பிழை கண்டவர் அறிவிக்கலாம். அவ்வறிவிப்பு நுட்பப் பிழை, பதிப்புப் பிழை என்று வகைப்படுத்தி ஆராயப்பட்டு, தனிப்பட்டியலிற் சேரும். மூலம் மாறாது, பட்டியல் வளரும். அச்சுக்காலப் பிழைதிருத்தப் பட்டியலின் நேர்வாரிசு இதுவேயாகும்.

4

ஆசிரியரை மையமாகக் கொண்ட வேறொரு மரபை டொனால்ட் கனூத் வளர்த்தார். 1968 இல் முதற்றொகுதி வெளியான தமது கணினியியல் நூல்வரிசையிற் பிழை காண்போருக்கு அவர் பரிசளித்தார். பின்னர் நிலைபெற்ற தொகை 2.56 டொலர். 256 என்பது பதினாறின்மான எண்முறையில் நூறாகும் என்பதனால் அதனை 'ஒரு பதினாறின்மான டொலர்' என்றார். அவரது கையொப்பமிட்ட காசோலையை வங்கியில் மாற்றாமற் சட்டமிட்டு வைத்தோர் பலர். வங்கி மோசடி காரணமாக 2008 இல் அவர் காசோலை அனுப்புவதை நிறுத்திக் கற்பனை வங்கியொன்றின் சான்றிதழ்களை வழங்கத் தொடங்கினார்.

கனூத் தம் பிழைகளை மறைக்கவில்லை. 'தெக்' என்ற தமது அச்சுக்கோப்பு நிரலில் நேர்ந்த எண்ணூறுக்கும் மேற்பட்ட பிழைகளை 1989 இற் பட்டியலாக வெளியிட்டார். அவற்றைப் பதினைந்து வகைகளாகப் பிரித்து, சிறு எழுத்துப்பிழைக்கும் அவற்றுள் ஒரு வகையை ஒதுக்கினார். ஆராய்ச்சி நேர்மைக்கு இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்பதரிது. ஆயினும் இம்முறையில் வாசகர் பிழையைச் சுட்டலாம். திருத்துபவர் ஆசிரியர் ஒருவரே. பரிசு எத்துணைப் பெருந்தன்மையுடையதாயினும், திருத்தும் உரிமை ஆசிரியரின் கையைவிட்டு அகலவில்லை.

5

அவ்வுரிமையை வாசகரிடம் ஒப்படைக்கும் கோரிக்கை றிச்சட் ஸ்ரோல்மனின் இயக்கத்துடன் எழுந்தது. 1983 செப்ரெம்பரில் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். நிரலை மாற்றும் உரிமையுடையவர் அந்நிரலின் கையேட்டையும் மாற்றும் உரிமையுடையவராதல் வேண்டும். அல்லாவிடின், நிரல் ஒருபுறமும் கையேடு மறுபுறமும் போய்விடும் என்று அவர் பின்னாளில் வாதிட்டார்.

உரிமை மட்டும் போதாது. அதனைச் செயற்படுத்தும் கருவியும் வேண்டும். இரு கோப்புகளின் வேறுபாட்டை மட்டும் எழுதித்தரும் நிரல் 1970களின் முற்பகுதியிலேயே யுனிக்ஸில் இருந்தது. அவ்வேறுபாட்டை எடுத்து மூலத்தின் மீது பொருத்தும் 'ஒட்டு' நிரலை லறி வோல் 1985 இல் வெளியிட்டார். இதன் வரலாற்று முக்கியத்துவம் பெரிது. முன்னர் திருத்தம் என்பது ஒரு வேண்டுகோள். ஆசிரியர் படித்து, ஏற்று, தம் கையால் மாற்றவேண்டியது. இப்போது அது தனியே எடுத்துச் செல்லக்கூடிய, சரிபார்க்கக்கூடிய, ஒரு கட்டளையினாற் பொருத்தக்கூடிய ஒரு பொருளாயிற்று. ஓரெழுத்தை மாற்றும் திருத்தமும் ஆயிரம் வரிகளை மாற்றும் திருத்தமும் ஒரே வடிவைப் பெற்றன.

ஆயினும் உரிமைப்போக்கு நேர்கோட்டிற் செல்லவில்லை. குனூ ஆவண உரிமம் 2000 இல் நடைமுறைக்கு வந்தபோது, 'மாறாப் பகுதிகள்' என்ற ஏற்பாடு அதில் இடம்பெற்றது. ஆசிரியரின் கொள்கை விளக்கம் போன்ற, நூலின் நுட்பப்பொருளைச் சாராத பகுதிகளைப் பின்வருவோர் சிதைக்காமற் காப்பதே அதன் நோக்கம். அந்நோக்கம் விளங்கிக்கொள்ளத்தக்கதே. எனினும் மாற்றக்கூடாத பகுதியில் ஓர் எழுத்துப்பிழை இருப்பின் அதுவும் மாற்றக்கூடாததாகிவிடுகின்றது. டெபியன் திட்டத்தினர் இதனை நீண்டகாலம் விவாதித்து, 2006 மார்ச்சில் வாக்கெடுப்பு நடத்தினர். மாறாப் பகுதிகளற்ற ஆவணங்களே தம் வரைவிலக்கணப்படி கட்டற்றவை என்பது முடிபாயிற்று. இயக்கத்தின் மூலக்கொள்கை விளக்கத்தை மாறாப் பகுதியாகக் கொண்ட 'ஈமாக்ஸ்' கையேடு, டெபியனின் முதன்மைத் தொகுப்புக்கு வெளியே வைக்கப்பட்டது. சுதந்திரத்தைப் பறைசாற்றும் நூலே திருத்தும் சுதந்திரம் பற்றிய வினாவில் வெளியே நிற்க நேர்ந்த இந்நிகழ்ச்சி, இவ்வியக்கத்தின் உள்முரண்பாடுகளை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

6

லைனஸ் ரோவால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய லினக்ஸ் கருநிரலின் வளர்ச்சியில், சிறு திருத்தங்களுக்கென நிறுவன ஏற்பாடே உருவாகியது. 'அற்ப ஒட்டுகள்' எனப்பட்டவற்றை ஒன்றுசேர்த்து அனுப்பும் பணி ஒரு பேணுநரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஒட்டுகளைச் சமர்ப்பிப்போருக்கான வழிகாட்டி எவை அற்பமானவை என்று நீண்டகாலம் பட்டியலிட்டு வந்தது. ஆவணங்களிலுள்ள எழுத்துப்பிழைகள் அதில் முதலிடம் பெற்றன. நிரலினுள் வரும் எழுத்துப்பிழைகளுக்கோ ஒரு நிபந்தனை இருந்தது: சொல் தேடும் கட்டளையைத் தவறச் செய்யக்கூடிய பிழையாக அது இருத்தல் வேண்டும். இந்நிபந்தனை மிக நுண்ணியது. பிழையாக எழுதப்பட்ட சொல் தேடுவோருக்கு அகப்படாது. அகப்படாத விளக்கம் இல்லாத விளக்கத்துக்குச் சமம். எழுத்துப்பிழையின் தீங்கை அழகுணர்ச்சியால் அளவிடாமற் பயன்பாட்டால் அளவிட்ட விதி இது.

பின்னர் அடிக்கடி நேரும் பிழைகளும் அவற்றின் திருத்தங்களும் இணையிணையாக ஒரு கோப்பிலே தொகுக்கப்பட்டு, புதிய ஒட்டுகளைச் சோதிக்கும் நிரலுடன் இணைக்கப்பட்டன. பலர் தனித்தனியே திருத்திய பிழைகள் இவ்வாறு ஒரு பொதுச்சொத்தாயின. மேலும், 2004 முதல் ஒவ்வொரு ஒட்டிலும் அனுப்புபவர் தம் பெயரைப் பொறுப்புடன் ஒப்பமிடவேண்டும் என்ற விதி வந்தது. 2005 இல் உருவான 'கிற்' என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை அப்பெயரைத் திருத்தத்துடன் நிலையாகப் பிணைத்தது. அச்சக ஒப்புநோக்காளருக்குக் கிடைக்காத பெயர்ப்பதிவு, ஓரெழுத்தைத் திருத்தியவருக்கும் இங்கே கிடைத்தது.

ஆனால், பதிவு செய்யப்படும் உழைப்பு எண்ணப்படும் உழைப்பாகவும் மாறுகின்றது. எண்ணிக்கை தொழில்தேடுவோரின் தகுதிச் சான்றாகும்போது, திருத்தத்தின் பயனைவிட அதன் தொகையே முதன்மை பெறுகின்றது. 2014 இல் தொடங்கிய 'ஹக்ரோபர்பெஸ்ற்' என்னும் ஒக்ரோபர் மாத இயக்கம், குறித்த எண்ணிக்கையிலான பங்களிப்புகளுக்கு மேற்சட்டை ஒன்றைப் பரிசளித்து வந்தது. 2020 ஒக்ரோபரில் ஆவணங்களிற் பொருளற்ற சொற்களைச் சேர்க்கும் போலித் திருத்தங்கள் பல திட்டங்களை வெள்ளம்போற் சூழ்ந்தன. அவற்றைப் படித்து நிராகரிக்கும் சுமை, பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கும் பேணுநர்மீது விழுந்தது. சில நாட்களுக்குள்ளேயே, தாமாக விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டுமே கணக்கிற் கொள்ளப்படும் என்று விதி மாற்றப்பட்டது. கனூத்தின் 2.56 டொலரும் இம்மேற்சட்டையும் இரண்டும் பரிசுகளே. முன்னது மெய்யான பிழையொன்றைக் கண்டவருக்கு, ஆசிரியர் அதனை ஏற்றபின் வழங்கப்பட்டது. பின்னது எண்ணிக்கைக்கு வழங்கப்பட்டது. இவ்வேறுபாட்டை மறந்து, சிறு திருத்தம் செய்யும் எல்லோரையும் போலிகள் என்று கொள்வது நேர்மையாகாது.

7

இதுவரை கூறியவை யாவும் ஆங்கில எழுத்துப்பிழை பற்றியவை. இத்துறையின் ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன; எழுதுவோருட் பெருந்தொகையினருக்கு அது தாய்மொழியன்று. எனவே, எழுத்துப்பிழையை அறியாமையின் அடையாளமாகக் கொள்ளும் மனப்பாங்கு, மொழி ஆதிக்கத்தின் ஒரு முகமாகிவிடும் ஆபத்து உண்டு. பணிவுடன் அனுப்பப்படும் ஒரு திருத்தம் எழுதியவரைத் தொடர்ந்து எழுதச் செய்யும். ஏளனத்துடன் வருவது அவரை மௌனமாக்கும்.

ஆங்கில மூலத்தில் நிகழும் திருத்தம் தமிழையும் தொடுகின்றது. கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றின் மொழிபெயர்ப்பில், ஆங்கில வாக்கியமே திறவுகோலாக நின்று தமிழ் வாக்கியத்தை அழைக்கின்றது. ஆங்கிலத்தில் ஓரெழுத்தைத் திருத்தினாலும் திறவுகோல் மாறிவிடும். அப்போது பழைய தமிழ் வாக்கியம் 'ஐயத்துக்குரியது' எனக் குறிக்கப்பட்டு, மொழிபெயர்ப்பாளர் மீளப் பார்த்து உறுதிசெய்யும்வரை வழக்கமாகத் திரையில் தோன்றாது. அவ்விடத்தில் ஆங்கிலமே தோன்றும். தமிழில் எப்பிழையும் இல்லாதிருக்க, ஆங்கிலத்திற் பிழை நீங்கியமையாலே தமிழ் மறைந்துபோகின்றது. உழைப்பாளர் பலரையுடைய மொழிகள் இதனை ஓரிரு நாளிற் சரிசெய்துவிடும். விரல்விட்டு எண்ணத்தக்க தன்னார்வலரையுடைய மொழிகளில் அது நெடுநாள் நீடிக்கும். இதனாலேயே 'குனோம்' போன்ற திட்டங்கள் வெளியீட்டுக்கு முன்னர் ஒரு குறித்த நாளின்பின் வாக்கியங்களைத் தொடக்கூடாது என்று விதித்துள்ளன. திருத்தும் உரிமையைக் காலவரையறைக்குள் நிறுத்தும் இவ்விதி, பிறமொழியாளரின் உழைப்பை மதித்து எழுந்ததாகும்.

தமிழ் ஆவணங்களிலோ வேறு சிக்கல் உண்டு. சந்தியும் வேற்றுமையும் சேர்ந்து ஒரு சொல் எண்ணற்ற வடிவங்களைப் பெறும் மொழிக்குச் சொற்பட்டியல் மட்டும் போதாது. சொல்வடிவங்கள் மிக்க ஹங்கேரிய மொழிக்கென லஸ்லோ நேமெத் ஆக்கிய 'ஹன்ஸ்பெல்' நிரல் பிற மொழிகள் பலவற்றுக்கும் பயன்பட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது. அதற்கும் மேலாக, எது பிழை என்பதே எம்மிடையே முற்றாக முடிவாகவில்லை. இலங்கையிற் 'கணணி' என்றும் 'கணினி' என்றும் இரு வடிவங்கள் வழங்குகின்றன. தேடும் கட்டளைக்கு இவை இரு வேறு சொற்கள். ஒன்றைப் பிழையென்று பட்டியலிடுபவர், தெரிந்தோ தெரியாமலோ ஒரு பிரதேசத்தின் வழக்கைத் திருத்தத்துக்குரியதாக்குகின்றார். இத்தகைய முடிபுகளை நிரல் ஆக்கும் சிலரிடம் மட்டும் விட்டுவிடாது, மொழியியலாளரும் ஆசிரியரும் வாசகரும் கலந்து எய்துதல் வேண்டும்.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, எழுத்துப்பிழையின் அளவு அதன் விளைவைத் தீர்மானிப்பதில்லை. பிறர் அதனைச் சார்ந்து எத்துணை தூரம் கட்டிவிட்டனர் என்பதே தீர்மானிக்கின்றது. இரண்டாவதாக, திருத்தும் உரிமை ஒரே நாளிற் கிடைத்ததன்று. கருவிகளின் வளர்ச்சியும், உரிமம் பற்றிய நீண்ட விவாதமும், பெயரறியாத பலரின் உழைப்பும் சேர்ந்து அதனை ஈட்டின. மூன்றாவதாக, அவ்வுரிமை பொறுப்பையும் உடன்கொண்டது. திருத்துபவர் தம் திருத்தத்தைப் படித்து ஏற்க வேண்டியவரின் நேரத்தையும், அதனாற் பாதிக்கப்படும் பிறமொழியாளரின் உழைப்பையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

எமது பல்கலைக்கழக மாணவருட் பலர் இன்று இம்மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றனர். கையேட்டில் ஒரு பிழையைக் கண்டு கடந்துசெல்வோரே மிகுதி. அதனைத் திருத்தி அனுப்பும் உரிமை தமக்கு உண்டு என்பதைப் பலர் அறியார். அறிந்தோரும் தம் ஆங்கிலத்தை ஐயுற்றுத் தயங்குவர். அத்தயக்கம் நீங்குவதற்கும், தமிழ் ஆவணங்களின் எழுத்து வழக்குப் பற்றிய ஒழுங்கான ஆய்வு தொடங்குவதற்கும் இக்கட்டுரை சிறிதளவேனும் உதவுமாயின் அதுவே எமக்குப் போதியது.